சுள்ளியில் ஒரு கட்டில்

திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு – முதல் ஆண்டு
(எசாயா 7:10-14, உரோமையர் 1:1-7, மத்தேயு 1:18-24)



இன்றைய நற்செய்தியில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்று மட்டுமல்ல, நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அவர் பேசியதாக ஒரு வரி கிடைக்காது. யோசிக்கிறார், தூங்குகிறார், கனவு காண்கிறார், எழுந்து சொன்னபடி செய்கிறார். பேசாத மனிதரைப் பற்றி நாம் நீட்டி முழக்குவதைவிட, அவர் கையால் செய்த வேலையை நினைத்துப் பார்ப்பதுதான் அவருக்குத் தகுந்த மரியாதை. அவர் தச்சர். அதனால் இன்று நான் மரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். தேக்கு, கோங்கு என்று பெரிய மரத்துக்குப் போக வேண்டாம். போன வாரம் அடித்த மழைக்காற்றில் நம் தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கிறதே, அந்தச் சுள்ளியே போதும்.

நம் மறைக்கல்விப் பிள்ளைகள் இந்த ஆண்டு கோவில் குடிலுக்கான தட்டுமுட்டுச் சாமான்களைத் தாங்களே செய்கிறார்கள். மாலை நேரத்தில் பங்குமனைத் திண்ணையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி, புளியம் விளார், தென்னை ஈர்க்கு, வாழை நார், இரண்டாகப் பிளந்த புங்கங்காய் ஓடு என்று எல்லாம் பரப்பிக் கிடக்கும். ஒரு பையன் ஏணி கட்டுகிறான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெஞ்சு. புங்கங்காய் ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துவிட்டு, மாட்டுக்கு அது போதுமா என்று ஒரு சிறுமி கவலைப்படுகிறாள். இன்னொரு சிறுமி கயிற்றுக் கட்டில் செய்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தாத்தா. நம் ஊரில் பாதி வீட்டு நிலைக்கதவுகள் அவர் இழைத்தவை. கை நடுங்குகிறது என்று உளியை வைத்துவிட்டவர், பேத்திக்காகத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கட்டில் உருவானதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால்கள் நான்குக்கும் கொய்யாக்குச்சி. கொய்யா உறுதியான மரம், பட்டை வழவழப்பாக இருக்கும். கவட்டை செய்யப் பையன்கள் அதைத் தேடிப் போவது சும்மா அல்ல. சட்டங்களுக்குப் புளியம் விளார். காலில் துளை போட அந்தப் பிள்ளை கோணூசியை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். குச்சி நெட்டுக்குப் பிளந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் பிளந்தது. தாத்தா கோபப்படவில்லை. “குத்தாத தாயி, உருட்டு” என்றார். ஊசி முனையை வைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல உருட்டினால் மரம் தூளாக வெளியே வருகிறது, குச்சி பிளப்பதில்லை. விளாரின் நுனியை அந்தத் துளைக்கு ஏற்றபடி சீவி, இறுகச் சொருகி, ஒரு சொட்டுப் பெவிகால் விட்டார்கள். அந்தக் காலத்தில் கருவேலம் பிசின்தான் என்றார் தாத்தா. நான்கு கால், நான்கு சட்டம். பிறகு வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, நூல் பருமனுக்குக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாக நெய்தாள். நனைக்காவிட்டால் நார் வளைகிற இடத்தில் முறிந்துவிடும். கட்டில் ஆடியது. தரையில் ஓர் உப்புத்தாளை விரித்து அதன் மேல் கட்டிலை நிறுத்தி நான்கு காலும் சமமாகும்வரை தேய்த்தாள். ஒருவழியாக நின்றது. நீளம் என் ஒன்றரைச் சாண்.

அளவு ஏன் சொல்கிறேன் என்றால், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் குடிலில் வைக்கிற யோசேப்பு சுரூபம் ஓரடி உயரம். ஆள் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் உட்காரும் உயரம். ஆகவே அவருக்கு மூன்று அங்குல உயரத்தில் நாற்காலி. அதற்கு மேல் போனால் அவர் காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். பிள்ளைகள் சுரூபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து அளந்து செய்கிறார்கள். யோசேப்பு உட்கார்ந்தால் வசதியாக இருக்குமா, மரியா சாய முடியுமா என்று பேசிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாகச் செபமாலை சொல்லிவரும் நமக்கே தோன்றாத கேள்விகள் இவை. மரியாவுக்கு முதுகு வலித்திருக்கும் என்று நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நாசரேத்திலிருந்து பெத்லகேம்வரை மலைப்பாதையில் பல நாள் பயணம். நிறைமாத கர்ப்பிணி. ஒரு குச்சி நாற்காலிக்கு முதுகு வைக்கும்போது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரிகிறது.

ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “சாமி, மாட்டுத் தொழுவத்துல கட்டிலெல்லாம் இருந்துச்சா?”

நல்ல கேள்வி. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரே ஒரு தட்டுமுட்டுச் சாமான்தான் பேசப்படுகிறது. தீவனத் தொட்டி. அதை அவர் மூன்று முறை சொல்கிறார். பிள்ளையை மரியா கிடத்தியபோது ஒரு முறை. இடையர்களுக்கு வானதூதர் அடையாளம் சொன்னபோது ஒரு முறை. இடையர்கள் வந்து கண்டபோது ஒரு முறை. கட்டில் இல்லை, தொட்டில் இல்லை, நாற்காலி இல்லை. நாம் குடிலில் வைக்கிற மாடும் கழுதையும்கூட லூக்காவில் கிடையாது. அவை எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து நம் குடிலுக்குள் வந்தவை. தீவனத் தொட்டி மரமா கல்லா என்றும் அவர் சொல்லவில்லை. அந்த நாட்டில் கல்லில் குடைந்த தொட்டிகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. உரோமையில் புனித மரியா பெருங்கோவிலில் ஆண்டவரின் தீவனத் தொட்டி என்று காலங்காலமாக வணங்கப்படுபவை மரத்துண்டுகள். அவற்றில் ஒரு சிறு துண்டைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு பெத்லகேமுக்கு அனுப்பிவைத்தார்.

ஆகவே, தம்பி, அங்கே கட்டில் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. அப்படியானால் நாம் செய்வது தவறா? இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். வசதியானவள். இறைவாக்கினர் எலிசா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்புவாள். ஒரு நாள் கணவனிடம் சொல்கிறாள்: இவர் கடவுளின் மனிதர், மாடியில் இவருக்கு ஒரு சின்ன அறை கட்டுவோம், அதில் ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு வைப்போம், வரும்போது தங்கிக்கொள்ளட்டும். விவிலியத்தில் அன்பு இவ்வளவு துல்லியமாகச் சாமான் கணக்குப் போடுகிற இடம் வேறெதுவும் எனக்கு நினைவில்லை. வந்தவர் படுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், உட்கார வேண்டும், இருட்டில் தடுமாறக் கூடாது. நான்கும் நான்கு தேவைக்கு. எலிசா அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவளே பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

பெத்லகேமில் அந்த இரவு சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி இல்லை. இடம் இல்லை என்ற பதில்தான் இருந்தது. நம் பிள்ளைகள் சுள்ளியில் கட்டிலும் நாற்காலியும் செய்து குடிலுக்குள் வைக்கும்போது, வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று யாரும் செய்யாததை, இன்று நாங்கள் இருக்கிறோம், நாங்கள் செய்கிறோம் என்று சொல்கிறார்கள். அதைவிட நல்ல திருவருகைக் காலச் செபம் எனக்குத் தெரியாது.

குடில் மரபைத் தொடங்கிவைத்த அசிசி பிரான்சிஸும் இப்படித்தான் நினைத்தார். 1223ஆம் ஆண்டு. இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூர். கிறிஸ்து பிறப்புக்கு ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு முன், அந்தப் பகுதியில் வாழ்ந்த ஜொவான்னி என்ற நண்பரை அழைத்து ஏற்பாடு செய்யச் சொன்னார். குழந்தை இயேசு பட்ட சிரமத்தை, தேவையானது எதுவும் இல்லாமல் வைக்கோலில் கிடந்ததை, கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபங்கள் கிடையாது. அந்தத் தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டராக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அவர் வாழ்க்கையை எழுதிய செலானோ தோமா இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். வெறுமையாக இருந்த அந்தத் தொட்டியில் உயிரற்றதுபோல் ஒரு குழந்தை கிடப்பதையும், பிரான்சிஸ் அருகில் போனதும் அது விழித்துக்கொண்டதையும் அங்கிருந்த ஒருவர் காட்சியாகக் கண்டார் என்றும் எழுதியிருக்கிறார். தம்மை மறந்துபோன மனிதர்களின் மனத்தில் தூங்கிக்கொண்டிருந்த இயேசு அன்று எழுந்தார் என்பது அவர் தருகிற விளக்கம். அதே கிரேச்சோவுக்குத்தான் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் சென்று, குடிலின் பொருள் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார்.

பிறகு உலகம் முழுக்க இந்த வேலை பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரத்துக் குடில்களில் விரல் நீள நாற்காலி, கூடை, மேசை, பழக்கடை என்று ஒரு நகரமே இருக்கும். மலைக்குப் பாறைக்கு எல்லாம் கார்க் மரத்தின் பட்டை. இன்றும் அந்த ஊரில் ஒரு தெரு முழுக்கக் குடில் கைவினைஞர்கள்தான். பெத்லகேமில் ஒலிவ மரத்தில் செதுக்குகிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையில் சிலுவையும் கிளியும் பின்னாத வீடு நம் பங்கில் உண்டா? ஓலையைப் பார்த்தவுடன் கை தானாகப் போகிறது. அந்தக் கை சுள்ளியையும் பழகிக்கொள்ளும்.

இனி யோசேப்பிடம் வருகிறேன்.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. மண ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மணப்பெண்ணை வீட்டுக்கு அழைத்து வர வேண்டியதுதான் பாக்கி. தச்சர் வேறு, வீட்டுக்கு வேண்டியதைத் தம் கையாலேயே செய்து வைத்திருப்பார் என்று நினைப்பதில் தவறில்லை. அந்த நேரத்தில் அவருடைய கணக்குக்குள் அடங்காத ஒரு செய்தி வருகிறது. மரியா கருவுற்றிருக்கிறார். யோசேப்பு என்ன செய்தார்? ஊரைக் கூட்டவில்லை. அவர் நேர்மையாளர் என்கிறார் மத்தேயு. அதே மூச்சில், மரியாவை இகழ்ச்சிக்கு ஆளாக்க விரும்பவில்லை என்றும் சொல்கிறார். யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்வது என்ற முடிவோடு படுக்கிறார். கனவில் வானதூதர் வருகிறார். விழித்ததும், தம் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மரியாவை ஏற்றுக்கொள்கிறார்.

இதை நம் பெரியவர் பேத்திக்குச் சொன்ன ஒரு வார்த்தையோடு சேர்த்துப் பார்க்கிறேன். கட்டிலை முடித்தபின் அவள் நாற்காலி செய்யத் தொடங்கினாள். நேரான குச்சிகளாகப் பொறுக்கி எடுத்து, கோணல்மாணலானவற்றை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். தாத்தா அந்தத் தள்ளிய குவியலிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்தார். வில் மாதிரி வளைந்தது. “முதுகுக்கு நேர்க்குச்சி வச்சா குத்தும். இதுதான் சாயறதுக்கு” என்றார். கவடு விட்ட இன்னொரு குச்சியை எடுத்து, கைப்பிடியும் முன்காலும் இந்த ஒரே குச்சியில் வந்துவிடும், ஒட்டவே வேண்டாம் என்றார். ஒட்டிய இடம்தான் பின்னால் விடும். மரம் தானாகக் கிளைத்த இடம் விடாது. அவள் தள்ளிவைத்த குவியல் முழுவதும் அதன்பிறகு நாற்காலியாயிற்று.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நம் அன்னை மரியாவை நான் கோணல் குச்சி என்று சொல்லவில்லை. அவர் மாசற்றவர். கோணியது யோசேப்பின் திட்டம். அவர் போட்டிருந்த கோடு ஒன்று, கடவுள் தந்தது வேறொன்று. நல்ல தச்சர் என்ன செய்வார்? கையில் வந்த மரத்தைப் பார்ப்பார். இது என் அளவுக்கு வரவில்லையே என்று எறிய மாட்டார். இது எதற்காக வளர்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கு நேரம் வேண்டும். யோசேப்பு அந்த நேரத்தைக் கொடுத்தார். இரவோடு இரவாக ஓலை எழுதி அனுப்பிவிடவில்லை, யோசித்தபடியே படுத்தார். வானதூதர் வந்து பேச அந்த ஓர் இரவு கிடைத்தது.

நம் வீடுகளில் அந்த ஓர் இரவைக் கொடுக்கிறோமா? பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் அன்று சாயங்காலமே என்னவெல்லாம் சொல்லிவிடுகிறோம்! வேறு பழக்கத்தோடு வந்த மருமகள், வாதத்தில் விழுந்து ஒரு பக்கம் வராமல் போன அப்பா, திருமணம் வேண்டாம் என்று நிற்கிற மகள். இவர்களெல்லாம் நாம் போட்ட கோட்டுக்குள் வரவில்லைதான். நம் குவியலின் ஓரத்தில் தள்ளி வைத்திருக்கிறோம். கிறிஸ்து பிறப்புக்கு முன் அந்தக் குவியலை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். இன்றைய நற்செய்தி வாசிக்கப்பட்ட வீட்டில் அது நடக்கவில்லை என்றால் குடில் கட்டி என்ன பயன்?

முதல் வாசகத்தில் ஆகாசு அரசனைப் பார்த்தோம். கடவுளிடம் ஓர் அடையாளம் கேள் என்று எசாயா சொல்கிறார். கேட்க மாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்கிறான். எவ்வளவு பக்தியான பேச்சு! ஆனால் அதே ஆகாசின் கை என்ன செய்தது என்பதை அரசர்கள் இரண்டாம் நூல் பதினாறாம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். ஆண்டவரின் இல்லத்தில் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய மன்னன் திக்லத்பிலேசருக்கு அனுப்பினான். கோவிலின் வெண்கலத் தாங்கிகளின் சட்டங்களை வெட்டி எடுத்தான். வெண்கலக் காளைகளின் மேல் இருந்த பெரிய நீர்த்தொட்டியை இறக்கிக் கல்தளத்தில் வைத்தான். கடவுளின் வீட்டுச் சாமான்களைக் கழற்றியவன் அவன். அவனுக்கு வாய் இருந்தது. கை வேறு பக்கம் போனது. அவன் வழிமரபில் வந்த யோசேப்புக்குப் பேச்சே இல்லை. கை முழுவதும் கடவுளின் பக்கம் இருந்தது. இம்மானுவேல் என்ற அடையாளம் ஆகாசின் காலத்தில் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைக்குக் கூரையும் சோறும் ஏற்பாடு செய்தது யோசேப்பின் கை.

கைவேலையைத் தாழ்வாக நினைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைநூல் அப்படி நினைக்கவில்லை. விடுதலைப் பயண நூலில், யூதா குலத்து பெட்சலேல் என்பவரைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து, இறை ஆவியால் நிரப்பினார் என்று வருகிறது. எதற்காக? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும் மரச் செதுக்கு வேலைக்கும். உடன்படிக்கைப் பேழைக்கு இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம் என்று கடவுளே அளவு சொல்கிறார். அந்தப் பேழை வேல மர இனத்துச் சித்திம் மரத்தால் ஆனது. நம் கண்மாய்க் கரையில் நிற்கிற கருவேலமும் அந்த இனம்தான். மனிதனாக வந்த கடவுளும் தச்சுப் பட்டறையில்தான் வளர்ந்தார். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித யுஸ்தின், இயேசு ஏரும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். எருசலேம் கோவிலில் காசு மாற்றுவோரின் மேசைகளையும் புறா விற்போரின் இருக்கைகளையும் கவிழ்த்த அதே கைகள்தாம், பல ஆண்டு மேசையும் இருக்கையும் பொருத்திய கைகள். கவிழ்ப்பதற்கு முன் ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு பாடு என்று தெரிந்தவர் அவர்.

கடையில் வாங்குகிற குடிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசதியில்லாமல், நேரமில்லாமல் வாங்கி வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்கள் குடிலையும் மகிழ்ச்சியோடு வந்து மந்திரிப்பேன். ஆனால் தெர்மோகோல் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திருக்குடும்பம் தங்கிய இடம் என்று நாம் செய்வது, பொங்கல் முடிந்ததும் உடைபட்டுக் குளத்தில் மிதக்கிறது. அது மட்குவதே இல்லை. சுள்ளியும் வைக்கோலும் செடிக்கு உரமாகும், அல்லது அடுப்புக்குப் போகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு நம் பொது இல்லமான பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலை அன்பியக் கூட்டங்களில் படித்தோம். அதைக் குடில் போட்டியில் மறந்துவிட்டால் எப்படி? அதனால் இந்த ஆண்டுக் குடில் போட்டிக்கு ஒரே விதி. செலவைப் பார்த்து மதிப்பெண் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் கையால் செய்த பொருள் ஒன்றாவது குடிலில் இருக்க வேண்டும்.

செய்யப்போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பச்சைக் குச்சியை ஒடிக்காதீர்கள். மரத்துக்கும் பாவம், வேலைக்கும் ஆகாது. காயக் காயச் சுருங்கி, சொருகின இடம் எல்லாம் தளர்ந்துவிடும். கீழே விழுந்ததைப் பொறுக்கினாலே போதும். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழையில் நனைந்ததை நிழலில் நாலு நாள் உலர்த்துங்கள். பொடிப்பொடியாக ஓட்டையும் மாவும் தெரிந்தால் உளுத்துப் போனது, விட்டுவிடுங்கள். முருங்கைக் குச்சி வேண்டாம், பொசுக்கென்று முறியும். அரளிக் குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, அது நஞ்சு. கள்ளி, எருக்குப் பாலும் கண்ணில் படக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு கால் வராது. மூன்று கால் முக்காலி செய்யச் சொல்லுங்கள். மூன்று கால் எந்த மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றாதீர்கள். இதைப் போன வருடமும் சொன்னேன். வருடா வருடம் சொல்வேன்.

செய்யும்போது டிவியை நிறுத்திவிடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மத்தேயு நற்செய்தியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யோசேப்புக்கு நான்கு கனவுகள் வந்ததாக முதல் இரண்டு அதிகாரங்களில் வருகிறது. அவர் எங்கே படுத்துத் தூங்கினார் என்று பிள்ளை கேட்டால், அவருக்கும் ஒரு கட்டில் செய்யுங்கள். எல்லாக் குடிலிலும் அவரை நிற்கவே வைத்திருக்கிறோம். தூங்கும் யோசேப்பின் சுரூபத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் மேசையில் வைத்திருந்தார். தீராத சிக்கல் வந்தால் ஒரு சீட்டில் எழுதி அதன் அடியில் வைப்பதாக 2015இல் மணிலாவில் குடும்பங்களிடம் சொன்னார். நீங்களும் உங்கள் சீட்டை அந்தக் குச்சிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சூனேம் ஊர்ப் பெண் செய்தது பொம்மைக் கட்டில் அல்ல. நிஜக் கட்டில், நிஜ நாற்காலி. நம் பங்கில் தரையில் பாய் போட்டுப் படுத்து, காலையில் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துத் தவிக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். நோயில் பூசுதல் கொடுக்கப் போகும்போது பார்க்கிறேன். மேற்குத் தெருவுக்கு அப்பால் தகரக் கொட்டகையில், வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த தம்பிகள் ஈரத் தரையில் படுக்கிறார்கள். இந்த மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். நம் வீடுகளில் மொட்டை மாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் எத்தனை கட்டில், எத்தனை நாற்காலி சும்மா கிடக்கின்றன!

பிள்ளைகள் செய்த சாமான்களை 24ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கோவில் குடிலுக்குக் கொண்டுவாருங்கள். பசை காய ஓர் இரவு வேண்டும், அதனால் 23ஆம் தேதியே முடித்துவிடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற கட்டில், நாற்காலி பற்றி வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் திருப்பலி முடிந்ததும் பெயர் கொடுங்கள். புதன்கிழமைக்குள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். கால் ஆடுகிறது, சட்டம் விட்டுப்போனது என்று யாரும் தயங்க வேண்டாம். பெரியவர் தம் உளியை எடுத்துத் தீட்டி வைத்திருக்கிறார். சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.